முற்றத்தில் ஒரு தண்ணீர்த் தொட்டி: சலுகையா, உரிமையா?

"முதலில் வீட்டில் குடியேறுங்கள், தண்ணீர் பின்னால் வரும்." ஊவா மாகாணத்தில் இடம்பெயர்ந்த விவசாய, தோட்டக் குடும்பங்களுக்கு இந்த வார்த்தைகள் புதியவை அல்ல. கூட்டங்களில் சொல்லப்படும்போது இவை நம்பிக்கை தரும். குடியேறி இரண்டு வறட்சிக் காலங்கள் கழிந்த பின்னர்தான் தண்ணீர் இல்லாத வீடு பாதி வீடு என்பது தெரியவரும். பெண்கள் குடத்தோடு பீலிக்கரைக்கு நடக்கிறார்கள், பிள்ளைகள் பாடசாலைக்குப் பிந்திப் போகிறார்கள், பவுசர் வரும் நாளை எதிர்பார்த்துக் கைவாளிகள் வரிசையில் நிற்கின்றன.

நமது மாவட்டத்தில் இடப்பெயர்வுக்குப் பல முகங்கள் உண்டு. 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியது. உயிர் தப்பியவர்கள் ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் தற்காலிக இடங்களில் இருந்த பின்னரே, 2016இல் புதிய வீடுகளுக்குப் போனார்கள். அதே 2014ஆம் ஆண்டு டிசம்பரில், உமா ஓயாத் திட்டத்துக்காகத் தோண்டிய சுரங்கத்துக்குள் நிலத்தடி நீர் பாய்ந்தது. பண்டாரவளைச் சுற்றுவட்டாரத்தில் கிணறுகள் வற்றின, ஊற்றுகள் நின்றன, வீட்டுச் சுவர்கள் வெடித்தன. மரக்கறி செய்து பிழைத்தவர்கள் பவுசரை எதிர்பார்த்து நின்றார்கள். 2024 ஏப்ரல் 24ஆம் திகதி 120 மெகாவாட் மின் திட்டமாக அது திறந்துவைக்கப்பட்டது. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலின் மழையில் பதுளையின் மலைகள் மீண்டும் சரிந்தன. ஒருவர் அதிகமான தண்ணீரால் வீட்டை இழந்தார், இன்னொருவர் தண்ணீர் போனதால் வயலை இழந்தார். இருவருக்கும் புதிய இடத்தில் முதலில் தேவைப்படுவது ஒன்றுதான்.

எனது கருத்தைத் தெளிவாகவே சொல்லிவிடுகிறேன். நிரந்தரக் குடியேற்றம் என்று கொடுக்கப்படும் ஒவ்வொரு வீட்டோடும், தரைக்கு மேல் கட்டிய மழைநீர்த் தொட்டி ஒன்றும் கொடுக்கப்பட வேண்டும். வீட்டின் சாவி கையளிக்கப்படும் நாளில் அந்தத் தொட்டியின் குழாயும் திறக்க வேண்டும். இதைச் சலுகையாக அல்ல, உரிமையாகக் கேட்க வேண்டும்.

செல்வரின் முற்றமும் நமது முற்றமும்

மேலைநாடுகளில் வசதியான குடும்பங்கள் வீட்டு முற்றத்தில் தரைக்கு மேல் நீச்சல் குளம் பூட்டுகிறார்கள். தகடும் பிளாஸ்ரிக் விரிப்பும் பெட்டியில் வருகின்றன. சொந்தப் படகு வைத்திருக்கும் குடும்பங்கள்கூட, ஏரிக்கோ கடலுக்கோ போகாத நாட்களில் பிள்ளைகள் விளையாடட்டும் என்று இதை வாங்குவதுண்டு. நமது எல்ல பக்கத்து உல்லாச விடுதிகளிலும் நீச்சல் குளங்கள் வந்துவிட்டன. இதில் எனக்குப் பொறாமை இல்லை. ஆனால் கணக்கொன்று பார்ப்போம். எட்டு மீற்றர் நீளம், நான்கு மீற்றர் அகலம், ஒன்றரை மீற்றர் ஆழமுள்ள குளத்தில் 48,000 லீற்றர் தண்ணீர் பிடிக்கும். ஐந்து பேர் கொண்ட ஒரு குடும்பம் ஆளுக்கு 20 லீற்றர் வீதம் பாவித்தால், அது 480 நாட்களுக்குப் போதும்.

குளம் பூட்டும் குடும்பத்திடம் நாம் கற்க வேண்டியதும் உண்டு. நிலம் மட்டமாக இல்லாவிட்டால் அவர்கள் குளத்தை வைப்பதில்லை. பாரத்தைக் கணக்கிடுகிறார்கள். வட்ட வடிவத்தை விரும்புகிறார்கள். சிறு பிள்ளை விழாதபடி வேலி போடுகிறார்கள், குப்பை விழாமல் மூடுகிறார்கள். விளையாட்டுத் தண்ணீருக்கே இவ்வளவு கவனம் என்றால், குடிக்கும் தண்ணீருக்கு எவ்வளவு வேண்டும்!

இந்த அறிவு ஒருமுறை செல்வரின் முற்றத்திலிருந்து ஏழையின் முற்றத்துக்கு நடந்து வந்திருக்கிறது. பிரேசில் நாட்டின் வடகிழக்கு, வறட்சிக்குப் பேர்போன பிரதேசம். அங்கிருந்து 1950களில் சாவோ பாவுலோ நகருக்குப் பிழைக்கப் போன மனோயெல் அப்பொலோனியோ டி கார்வால்யோ என்ற இளைஞர், சீமெந்துப் பலகைகளை வார்த்து நீச்சல் குளம் கட்டும் வேலையைப் பழகினார். ஊர் திரும்பியபோது அதே முறையில் மழைநீர்த் தொட்டி கட்டினார். பின்னர் மக்கள் அமைப்புகளும் பங்குகளும் கரித்தாஸும் அந்த முறையைக் கிராமம் கிராமமாகக் கொண்டுபோயின. 2003இல் "பத்து இலட்சம் தொட்டிகள்" என்ற திட்டமாக அது அரசின் ஆதரவைப் பெற்றது. 16,000 லீற்றர் பிடிக்கும் தொட்டிகள் இன்று பத்து இலட்சத்துக்கும் மேல் கட்டப்பட்டுள்ளன. பெரிய நிறுவனம் எதுவும் கண்டுபிடிக்காத இந்த முறை, பிழைக்கப் போய்த் திரும்பிவந்த ஒரு கூலித் தொழிலாளியின் கையில் பிறந்தது.

நமது நாட்டில் பழக்கமான தொட்டிக்கும் ஒரு கதை உண்டு. கம்பி வலையின் மேல் சீமெந்துச் சாந்து பூசும் பெரோசீமெந்து முறையை, 1848இல் பிரான்சின் தென்பகுதியில் வாழ்ந்த லம்போ என்ற நிலச் சொந்தக்காரர் செய்து பார்த்தார். அந்த முறையில் அவர் ஒரு சிறு படகு கட்டினார். தண்ணீரை உள்ளே விடாத சுவர் தண்ணீரை வெளியே விடாமலும் காக்கும் அல்லவா? அந்தப் படகின் உறவுதான் நமது முற்றத்துத் தொட்டி.

பதுளைக்குப் புதிதல்ல

உலக வங்கியின் உதவியுடன் நடந்த சமுதாய நீர் வழங்கல், சுகாதாரத் திட்டம், 1995இல் மழைநீர்த் தொட்டிகளை முதலில் கொண்டுவந்தது பதுளை, மாத்தறை மாவட்டங்களுக்குத்தான். இரண்டு விதமான தொட்டிகள் கட்டப்பட்டன. ஒன்று தரைக்குக் கீழ் செங்கல்லால் கட்டுவது. மற்றது தரைக்கு மேல் பெரோசீமெந்தில், பூசணிக்காயின் வடிவில் கட்டுவது. இரண்டும் 5,000 லீற்றர் பிடிப்பவை. 2005இல் அரசு மழைநீர் சேகரிப்புக்கென ஒரு தேசியக் கொள்கையையும் வகுத்தது. ஆகவே நமக்குக் குறைவாக இருப்பது அறிவல்ல, அதைக் குடியேற்றத் திட்டத்தில் சேர்க்கும் மனம்தான்.

தரைக்குக் கீழ் கட்டினால் மண் சுவரைத் தாங்கும், செலவு குறையும், தண்ணீர் குளிர்ச்சியாக இருக்கும். ஆனாலும் நான் மேல் தொட்டியையே ஆதரிக்கிறேன். கீழ்த் தொட்டி வெடித்தால் வெளியே தெரியாது. மலைச்சரிவில் கசியும் தண்ணீர் மண்ணை ஊறவைத்து ஆபத்தைத் தேடித் தரும். மலசலகூடக் குழியின் அழுக்கு ஊறி உள்ளே வரவும் கூடும். கைவாளி விட்டு மொண்டால் கையின் அழுக்கு தண்ணீரில் சேரும். மேல் தொட்டியில் கசிவு உடனே கண்ணில் படும், குழாயைத் திறந்தால் தண்ணீர் தானாக வரும், மூடியைப் பூட்டிவிட்டால் பிள்ளை விழுமோ என்ற பயமும் இல்லை.

எவ்வளவு மழை, எவ்வளவு தண்ணீர்?

ஒரு சதுர மீற்றர் கூரையில் ஒரு மில்லிமீற்றர் மழை பெய்தால் ஒரு லீற்றர் தண்ணீர். 50 சதுர மீற்றர் கூரையில் 100 மில்லிமீற்றர் பெய்தால் 5,000 லீற்றர். சிதறுவதும் ஆவியாவதும் போக, நாலு பங்கு தேறினாலும் 4,000 லீற்றர் தொட்டிக்கு வரும். நமது பக்கத்தில் பெருமழை ஒக்டோபர் முதல் ஜனவரி வரை. ஜூன் முதல் ஆகஸ்ட் வரை கச்சான் காற்றும் வறட்சியும். மழைக்காலத்தில் தொட்டி பலமுறை நிரம்பி வழியும். ஆனால் வறட்சிக்கு மிஞ்சுவது அது பிடிக்கும் 5,000 லீற்றர்தான். எல்லாத் தேவைக்கும் நாளொன்றுக்கு 100 லீற்றர் எடுத்தால் 50 நாட்களில் முடிந்துவிடும். குடிக்கவும் சமைக்கவும் மட்டும் 40 லீற்றர் எடுத்தால் 125 நாட்கள் வரும். ஆகவே வறட்சி தொடங்கியதும் தொட்டித் தண்ணீர் அடுப்படிக்கு மட்டும் என்று வீட்டில் முடிவெடுங்கள். குளிக்கவும் துவைக்கவும் பீலியும் ஆறும் இருக்கட்டும். மரக்கறிப் பாத்திக்கு இந்தத் தொட்டி போதாது. அதை வைத்துத் தோட்டம் செய்யலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

மழைநீரைக் குடிக்கலாமா என்று கேட்பவர்கள் உண்டு. சிறுநீரக நோய் பரவிய கிராந்துருகோட்டைப் பக்கத்தில் கிணற்று நீருக்குப் பதிலாக மழைநீரைக் குடிக்கும் குடும்பங்கள் உண்டு. ஆனால் சில ஒழுங்குகள் வேண்டும். நீண்ட வெயிலுக்குப் பின் பெய்யும் முதல் மழையைத் தொட்டிக்குள் விடாமல் வெளியே விடுங்கள். கூரைப் பீலியைத் துப்புரவாக வைத்திருங்கள். பக்கத்துத் தேயிலைக்கு மருந்து தெளிக்கும் நாட்களில் குழாயைத் திருப்பி வையுங்கள். நுளம்பு புகாதபடி எல்லா வாய்களுக்கும் வலை கட்டுங்கள். குடிக்கும் தண்ணீரைக் கொதிக்க வைத்து ஆற்றிக் குடியுங்கள்.

சரிவில் வைக்கும்போது கவனம்

நிரம்பிய தொட்டியின் தண்ணீர் மட்டுமே ஐந்து தொன் பாரம். மலைநாட்டில் வீட்டு நிலம் பெரும்பாலும் பாதி வெட்டியது, பாதி நிரப்பியது. நிரப்பிய மண்ணில் தொட்டியை வைத்தால் அது இறங்கும், வெடிக்கும். வெட்டிய, உறுதியான நிலத்தில் வையுங்கள். ஆனால் வெட்டிய மேட்டுக்கு ஒட்டி வைக்காமல், இடையில் ஆள் நடக்க இடம் விடுங்கள். கல்லணையின் விளிம்பில் ஒருபோதும் வேண்டாம். நிரம்பி வழியும் தண்ணீரைச் சரிவில் சும்மா விடக்கூடாது, குழாய் மூலம் கல் கட்டிய கானுக்குக் கொண்டுபோக வேண்டும். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் ஆபத்தானது என்று குறித்த இடத்தில் தொட்டியும் வேண்டாம், வீடும் வேண்டாம். அங்கே கேட்க வேண்டியது வேறு நிலம்.

சாந்து பூசி முடிந்ததும் குறைந்தது ஒரு வாரமாவது ஈரச் சாக்குப் போட்டு நனைத்து வையுங்கள். இந்த ஒரு வாரத்தை அவசரத்தில் விழுங்கினால் தொட்டி வெடிக்கும். அடியில் எப்போதும் சிறிது தண்ணீர் இருக்கட்டும். காய்ந்து கிடக்கும் தொட்டி வெயிலில் வெடிக்கும்.

"கறுப்பு பிளாஸ்ரிக் தொட்டி ஒன்று வாங்கி வைத்தால் வேலை முடிந்ததே" என்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. முகாமிலும் தற்காலிகக் கொட்டிலிலும் இருப்பவர்களுக்கு அதுவே சரி. நாளை வேறிடம் போனால் கூடவே கொண்டுபோகலாம். நாளைக்கு எழும்பச் சொல்லும் நிலத்தில் ஒரு குடும்பத்தின் உழைப்பைச் சீமெந்தாக ஊற்ற வைப்பது அநியாயம். நிரந்தர வீட்டுக்குப் பெரோசீமெந்துத் தொட்டியே நல்லது. அதன் கூலி ஊரிலேயே தங்கும். நமது இளைஞர்கள் ஐந்தாறு பேர் அந்த மேசன் வேலையைப் பழகினால், வெடிப்பைப் பூசுவதற்கு வெளியாள் தேவையில்லை.

உறுதிப் பத்திரம் இல்லாத முற்றம்

இங்கேதான் பிரச்சினையின் வேர் இருக்கிறது. தோட்டத்து முற்றம் யாருடையது? தலைமுறை தலைமுறையாக அதைக் கூட்டிப் பெருக்கியவர்களின் பெயரில் அது இல்லை. ஏழு பேர்ச் நிலமும் வீடும் என்று பேசப்படும்போதும், உறுதிப் பத்திரம் கைக்கு வருவது பிந்துகிறது. பத்திரம் இல்லாத நிலத்தில் தொட்டி கட்டினால், "யாரைக் கேட்டுக் கட்டினாய்?" என்ற கேள்வி வரும். ஆகவே தண்ணீரைக் கேட்கும்போது நிலத்தையும் கேளுங்கள். ஒரே மனுவில் இரண்டையும் எழுதுங்கள். பெண்களின் கையொப்பமும் அதில் இருக்கட்டும், ஏனென்றால் குடம் சுமப்பவர்கள் அவர்கள்.

பாதுகாப்பான குடிநீரை ஐக்கிய நாடுகள் பொதுச்சபை 2010 ஜூலை 28ஆம் திகதி மனித உரிமையாக ஏற்றுக்கொண்டது. திருத்தந்தை பிரான்சிஸ் 2015இல் எழுதிய "இறைவா உமக்கே புகழ்" சுற்றுமடலில், தண்ணீர் இன்றி உயிர் வாழ முடியாது என்பதால் அது அடிப்படை மனித உரிமை என்று போதித்தார். பவுசருக்குக் காத்து நிற்பவர் பிச்சை கேட்பவர் அல்ல, தமக்குரியதைக் கேட்பவர்.

தொடக்கநூலில் ஈசாக்கும் இடம்பெயர்ந்தவர்தான். அவர் ஒரு கிணறு தோண்டினார், அந்த ஊர் மேய்ப்பர்கள் தண்ணீர் தங்களுடையது என்று சண்டையிட்டார்கள். மறுபடி தோண்டினார், அதற்கும் சண்டை. மூன்றாவது கிணற்றில்தான் அவருக்கு இடம் கிடைத்தது. பொறுமை அவரிடம் இருந்தது உண்மை. ஆனால் அவர் கையைக் கட்டிக்கொண்டு இருக்கவில்லை, ஒவ்வோர் இடத்திலும் மண்வெட்டியை எடுத்தார். தண்ணீர் நில்லாத வெடித்த தொட்டிகளைப் பற்றி எரேமியா இறைவாக்கினர் கவலைப்பட்டதையும் நினைத்துக்கொள்வோம். நிறைவேறாத வாக்குறுதியும் வெடித்த தொட்டிதான்.

அடுத்த ஒக்டோபர் மழைக்கு முன் செய்யக்கூடிய வேலை இருக்கிறது. ஊர்க் கூட்டத்தில் உங்கள் கூரைகளை அளந்து பாருங்கள். தொட்டிக்கு ஏற்ற இடத்தைக் குறியுங்கள். கிராம உத்தியோகத்தர் ஊடாகப் பிரதேச செயலகத்துக்கு மனு எழுதி, பிரதி ஒன்றை உங்கள் கையில் வைத்துக்கொள்ளுங்கள். பதில் வராவிட்டால் அடுத்த மாதம் எல்லாருமாகச் சேர்ந்து போய்க் கேளுங்கள்.