காகம் பெருத்தால் குற்றம் காகத்தினதா?

1985இல் வன்செயலால் திரியாய் மக்கள் வீட்டையும் வயலையும் விட்டு வெளியேறினார்கள். ஆளில்லாத ஊரில் ஊர்க்காகமும் தங்காது. மனிதனின் மிச்சத்தை நம்பி வாழும் பறவை அது. நாம் திரும்பி வந்து அடுப்பு மூட்டும்போது அதுவும் கூடவே வந்துவிடும். வரட்டும், அதில் தவறில்லை. ஆனால் அது எவ்வளவு பெருகும் என்பது நம் கையில்தான் இருக்கிறது.

காகம் கூட்டமாகப் பெருகினால் சிறு குருவிகளின் முட்டையையும் குஞ்சையும் தூக்கும். முற்றத்துக் கோழிக்குஞ்சையும் விடாது. நிலாவெளிக்கு எதிரே கடலில் உள்ள புறாமலையைப் பாருங்கள். 1963இல் சரணாலயமாகவும் 2003இல் தேசியப் பூங்காவாகவும் அறிவிக்கப்பட்ட தீவு. மாடப்புறா இயற்கைப் பாறையில் கூடுகட்டும் இடங்கள் நம் நாட்டில் மிகச் சில. இது அவற்றில் ஒன்று. பார்க்க வருவோர் எறியும் சோற்றுப் பார்சலின் மிச்சம் காகத்தை அங்கே இழுக்கிறது. வந்த காகம் சோற்றோடு நிற்குமா? புறா முட்டையையும் தேடும்.

1890களில், குப்பையைத் தின்னட்டும் என்று சன்சிபார் தீவுக்குக் காகத்தைக் கொண்டுபோனார்கள். பின்பு அது கிழக்காபிரிக்கக் கரையெங்கும் பரவி, உள்ளூர்ப் பறவைகளின் கூடுகளைச் சூறையாடியது. 2024இல் கென்யாவின் வனசீவராசிகள் துறை பத்து இலட்சம் காகங்களை அழிக்கப் போவதாக அறிவித்தது. மனிதன் செய்யவேண்டிய வேலையைப் பறவையிடம் விட்டதன் விலை இது.

விவசாயிக்கு இதில் என்ன? வயலில் புழு பூச்சியைப் பிடிப்பவை கரிக்குருவி, மைனா, கொக்கு முதலியன. கரிக்குருவி தன் கூட்டருகே வரும் காகத்தைத் துரத்தும். அதை அண்டி மற்றக் குருவிகளும் பிழைக்கும். அவற்றுக்கு மரம் வேண்டும். காணி துப்புரவாக்கும்போது மரங்களையெல்லாம் தறித்துவிட்டு, பிறகு பூச்சிமருந்துக்குக் கடன் வாங்குவது அறிவாகாது.

நஞ்சு வைப்பதும் வழியல்ல. அது நாயையும் கோழியையும் சேர்த்தே கொல்லும். குயில் முட்டையிடுவதும் காகத்தின் கூட்டில்தான். காகத்துக்குப் பிடிசோறு வைப்பது நம் மரபு. காகங்களுக்கும் இறைவன் உணவளிப்பதை இயேசுவும் எடுத்துக்காட்டினார். பிடிசோறு வேறு, குப்பைமேடு வேறு.

ஆகவே மீன்கழிவையும் மிச்சச் சோற்றையும் கிடங்கு வெட்டிப் புதைப்போம், தென்னைக்கு எருவாகும். கோழிக்குஞ்சுகளைச் சில கிழமைகள் கூட்டுக்குள் வளர்ப்போம். கரிக்குருவி வந்து இருக்க வயலில் கம்பு நடுவோம்.

வலியது பெருத்து மெலியது இடம்பெயர்வது எப்படியிருக்கும் என்று நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. நம் முற்றத்திலேயே அது நடக்க நாமே தீனி போடலாமா?