பிராண்ட் கதை: கத்தி இல்லாத சமையலறை!

இத்தாலிய உணவு என்றாலே மெழுகுவத்தி வெளிச்சம், கோட்-சூட் போட்ட சர்வர், கையைச் சுடும் பில் என்றுதான் நினைப்போம். ஜப்பானில் அந்தக் கணக்கு வேறு. அங்கே பள்ளி விட்டதும் மாணவர்கள் கூட்டமாகப் போய் உட்காரும் இடமே ஓர் இத்தாலிய உணவகம்தான். பெயர், சைசெரியா.

சுவரில் மறுமலர்ச்சிக் கால இத்தாலிய ஓவியங்களின் பிரதிகள். குழந்தைகளுக்கான மெனுவில் ‘10 வித்தியாசங்களைக் கண்டுபிடி’ புதிர். பெரியவர்களே திணறும் அளவுக்கு அது கடினம். அங்கே பிரபலமான ‘மிலானோ டோரியா’வின் விலை 300 யென். நம் ஊர்க் கணக்கில் 200 ரூபாய்கூட வராது. இந்த விலைக்கு எப்படிக் கட்டுப்படியாகிறது? பதில் 1967-ல் தொடங்குகிறது.

மாடிப்படியில் காய்கறிப் பெட்டிகள்

யாசுஹிகோ ஷோகாகி, டோக்கியோ அறிவியல் பல்கலைக்கழகத்தில் இயற்பியல் படித்தவர். படிக்கும்போதே ஓர் உணவகத்தில் பகுதி நேர வேலை பார்த்தார். சமையலறைச் சூழல் பிடித்துப்போக, 21 வயதில் டோக்கியோவை ஒட்டிய இச்சிகாவா நகரில் சொந்தமாக ஒரு சின்னக் கடையைத் தொடங்கினார்.

இடம்தான் சரியில்லை. கடை இருந்தது மாடியில். கீழே காய்கறிக் கடை. ஏறும் வழியை மறைத்துப் பெட்டிகள் அடுக்கியிருக்கும். மேலே ஒரு கடை இருப்பதே பலருக்குத் தெரியாது. போதாக்குறைக்கு ஒருநாள் கடைக்குள் நடந்த கைகலப்பில் அடுப்பு கவிழ்ந்து தீப்பிடித்து, கடையே போய்விட்டது.

தொழிலே வேண்டாம் என்று ஒதுங்கப் பார்த்தார் ஷோகாகி. தடுத்தவர் அவர் அம்மா. அந்த இடம்தான் உனக்கு ஏற்ற இடம், அங்கேயே மறுபடி ஆரம்பி என்று சொன்னாராம். பின்னாளில் பல பேட்டிகளில் ஷோகாகி இதைச் சொல்லியிருக்கிறார்.

அதே மாடியில், இந்த முறை இத்தாலிய உணவகமாகக் கடை திறந்தது. அப்போதும் கூட்டமில்லை. விலையைப் பாதியாகக் குறைத்தார். ஆள் வரவில்லை. 70 சதவிகிதம் குறைத்தார். பெட்டிகளைத் தாண்டி, படிக்கட்டில் வரிசை நின்றது! 40 பேர்கூட உட்கார முடியாத கடைக்கு நாளுக்கு 600 பேருக்கு மேல் வரத் தொடங்கினார்கள். கூட்டத்தைச் சமாளிக்கவே பக்கத்திலேயே அடுத்தடுத்துக் கடைகள் திறக்க வேண்டியிருந்தது. 1973-ல் அது ஒரு நிறுவனமானது.

முதலில் விலை, பிறகு மற்றதெல்லாம்

விலையைக் குறைப்பது யாராலும் முடியும். குறைத்த விலையில் நஷ்டப்படாமல் நடத்துவதுதான் கஷ்டம். இங்கேதான் ஷோகாகியின் இயற்பியல் மூளை வேலை செய்தது. செலவு எங்கெல்லாம் ஒளிந்திருக்கிறது என்று ஒவ்வோர் அசைவையும் அளந்து பார்த்தார்.

சைசெரியா கிளைகளின் சமையலறையில் கத்தி கிடையாது. நறுக்குவது, சாஸ் காய்ச்சுவது எல்லாம் மத்திய தொழிற்சாலையிலேயே முடிந்துவிடும். கிளையில் சூடாக்கி, தட்டில் அடுக்கினால் போதும். அதனால் புதிதாகச் சேர்ந்த ஊழியரும் சீக்கிரமே வேலையைப் பழகிக்கொள்கிறார். கடையைப் பெருக்கித் துடைக்கும் முறையைக்கூட மாற்றி, அதற்கு ஆகும் நேரத்தைப் பாதியாக்கினார்கள்.

காய்கறிக்கு ஃபுகுஷிமா பகுதியில் விளைநிலம். அங்கே பறித்த லெட்டூஸ் கீரை, தட்டுக்கு வரும்வரை 4 டிகிரி குளிரிலேயே பயணிக்கிறது. வாடினால் குப்பை, குப்பை என்றால் செலவு. ஆலிவ் எண்ணெயும் ஹாமும் நேரடியாக இத்தாலியிலிருந்து. வெள்ளை சாஸுக்கு, பால் வளம் மிக்க ஆஸ்திரேலியாவில், மெல்பர்ன் அருகே சொந்தத் தொழிற்சாலை.

மிலானோ டோரியா என்பது மஞ்சள் சேர்த்த சாதத்தின் மேல் வெள்ளை சாஸும் இறைச்சி சாஸும் ஊற்றி அவனில் வேகவைத்த உணவு. பெயரில் மிலான் இருந்தாலும், டோரியா பிறந்தது ஜப்பானின் யோகோஹாமாவில். 1930 வாக்கில் அங்குள்ள ஓட்டல் ஒன்றில் சுவிஸ் சமையல்காரர் ஒருவர் உருவாக்கியது. 480 யென்னுக்கு விற்ற இந்த டோரியாவை 1999-ல் 290 யென்னாகக் குறைத்தார்கள்.

2008: சோதனை ஆண்டு

அக்டோபர் மாதம், சீனாவிலிருந்து வாங்கிய பீட்சா மாவில் மெலமைன் என்ற வேதிப்பொருள் கலந்திருப்பது தெரியவந்தது. மிகச் சிறிய அளவுதான். ஆனாலும் நிறுவனம், அந்த நாள்களில் பீட்சா சாப்பிட்டவர்கள் ரசீது இல்லாவிட்டாலும் பணத்தைத் திரும்பப் பெறலாம் என்று அறிவித்தது. சாப்பிடாதவர்களும் வந்து கேட்ட கூத்து நடந்தது.

அடுத்த மாதமே இன்னொரு அடி. ஆஸ்திரேலியத் தொழிற்சாலைக்குப் பணம் கட்ட வேண்டியிருந்ததால், அந்நாட்டு டாலரின் மதிப்பை வைத்து நிறுவனம் முன்கூட்டியே நிதி ஒப்பந்தங்கள் போட்டிருந்தது. உலகப் பொருளாதார நெருக்கடியில் டாலர் சரிய, சுமார் 1,400 கோடி யென் இழப்பு. துடைப்பத்தில்கூட மிச்சம் பிடித்த நிறுவனம், ஒரு கையெழுத்தில் அத்தனையையும் இழந்தது. 2009-ல் ஷோகாகி தலைமை நிர்வாகத்தை அடுத்தவரிடம் ஒப்படைத்துவிட்டு, சேர்மனாக மட்டும் தொடர்ந்தார்.

காப்பாற்றியது பழைய வழிதான். 2003-ல் ஷாங்காயில் திறந்த கடையில் முதலில் ஈ ஓட்டினார்கள். இச்சிகாவாவில் செய்ததைப் போலவே விலையை வெட்டியதும் கூட்டம் குவிந்தது. இன்று ஜப்பானில் 1,000-க்கும் மேல், சீனா, தைவான், சிங்கப்பூர் என வெளிநாடுகளில் 400-க்கும் மேல் கிளைகள். 2022-க்குப் பிறகு ஜப்பானில் விலைவாசி ஏறி, போட்டிக் கடைகள் மெனு கார்டை மாற்றி அச்சடித்தபோதும் டோரியா 300 யென்னில் நின்றது. அப்போது லாபத்தின் பெரும்பங்கைத் தந்தவை ஆசியக் கிளைகள்தான்.

காதலியை சைசெரியாவுக்கு அழைத்துப்போகலாமா, அது கஞ்சத்தனமா என்று ஜப்பானிய இளைஞர்கள் சமூக வலைதளங்களில் அடிக்கடி சண்டை போடுகிறார்கள். அந்தச் சண்டைகூட ஒரு விளம்பரம்தான்.

கூட்டம் வராததற்கு இடத்தைக் குறை சொல்லிவிட்டு, ஷோகாகி வேறு ஊருக்குப் போயிருக்கலாம். அம்மாவின் பேச்சைக் கேட்டு அங்கேயே நின்றதால்தான், ‘பெட்டிகளைத் தாண்டி ஒருவர் ஏன் மேலே ஏறி வர வேண்டும்?’ என்ற கேள்விக்கு அவர் பதில் தேட வேண்டியிருந்தது. அந்த மாடிக் கடையில் இப்போது வியாபாரம் இல்லை. ஆனால், நிறுவனம் அதை இடிக்காமல் நினைவிடமாகப் பாதுகாக்கிறது.