முதலில் வோல்ட், பிறகு ஆம்பியர்

ஓசூர் சிப்காட்டில் பகலெல்லாம் சிஎன்சி முன் நிற்கும் இளைஞருக்கு, கெலவரப்பள்ளியில் தன் வீட்டிலேயே பலகை செதுக்கும் சின்ன சிஎன்சி ரூட்டர் ஒன்றைக் கட்டிப் பார்க்கும் ஆசை வருவது இயல்புதான். மோட்டாரும் டிரைவரும் பெங்களூரு எஸ்.பி. ரோட்டில் கிடைத்துவிடும். தடுமாற்றம் பெரும்பாலும் பவர் சப்ளையில்தான் தொடங்குகிறது. தொழிற்சாலை எந்திரத்தில் அதைத் தயாரிப்பாளரே தேர்ந்து பொருத்திவிடுகிறார். வீட்டு எந்திரத்தின் ஸ்டெப்பர் மோட்டாருக்கு நாம்தான் தேர்ந்தெடுக்க வேண்டும்.

மோட்டாரின் விவரத் தாளில் 3 வோல்ட், 3 ஆம்பியர் என்று இருக்கும். அதைப் பார்த்து, 12 வோல்ட்டே தாராளம் என்று வாங்கிவிடுகிறார்கள். அந்த 3 வோல்ட், மோட்டார் அசையாமல் நிற்கும்போது சுருளில் 3 ஆம்பியர் ஓடத் தேவையானது மட்டுமே. ஓடும்போது கணக்கே வேறு.

ஓசூரில் டைட்டன் செய்யும் குவார்ட்ஸ் கைக்கடிகாரத்துக்குள் இருப்பதும் ஒரு ஸ்டெப்பர் மோட்டார்தான். நொடிக்கு ஓர் அடி வைப்பதால் ஒன்றரை வோல்ட் பட்டன் செல் அதற்குப் போதும். ரூட்டரில், ஒரு சுற்றுக்கு 5 மி.மீ. நகரும் பால் ஸ்க்ரூவை நிமிடத்துக்கு 3000 மி.மீ. வேகத்தில் ஓட்டினால், சுற்றுக்கு 200 அடி வைக்கும் மோட்டார் நொடிக்கு 2000 அடி வைத்தாக வேண்டும். ஓர் அடிக்குக் கிடைப்பது அரை மில்லிசெகண்ட். சுருளின் இண்டக்டன்ஸ் மின்னோட்டத்தைச் சட்டென்று ஏற விடாது. மற்ற இழப்புகளை விட்டுவிட்டுப் பார்த்தாலும், 3 மில்லிஹென்றி சுருளில் 3 ஆம்பியர் ஏற 12 வோல்ட்டில் முக்கால் மில்லிசெகண்ட் ஆகும். 36 வோல்ட்டில் கால்தான். 12 வோல்ட்டில் ஆம்பியர் முழுதாக ஏறுவதற்குள் அடுத்த அடி வந்துவிடுகிறது. டார்க் விழுகிறது, ஸ்டெப் மிஸ் ஆகிறது, பலகை வீணாகிறது.

36 வோல்ட் கொடுத்தால் மோட்டார் எரியாதா? எரியாது. டிஎம்542 போன்ற டிரைவர், மின்னோட்டத்தை இடைவிடாமல் வெட்டி வெட்டி, நாம் சுவிட்சில் வைத்த அளவைத் தாண்ட விடாது.

அதற்காக வோல்ட்டை ஏற்றிக்கொண்டே போகவும் கூடாது. இண்டக்டன்ஸை மில்லிஹென்றியில் எடுத்து, வர்க்கமூலம் கண்டு, 32-ஆல் பெருக்குங்கள். அதுதான் மோட்டாரின் உச்சவரம்பு. நம் மோட்டாருக்கு ஏறக்குறைய 55 வோல்ட். டிஎம்542-இன் வரம்போ 50. அப்படியானால் 48 போடலாமே என்று தோன்றும். வேகமாக ஓடும் அச்சைச் சட்டென்று நிறுத்தினால் மோட்டாரே ஜெனரேட்டராகி மின்சாரத்தைத் திருப்பி அனுப்பும். அந்த 2 வோல்ட் இடைவெளி அதற்குப் போதாமல் டிரைவர் போய்விடக்கூடும், ஆகவே 36-இலேயே நிற்கலாம். ரெகுலேஷன் இல்லாத டிரான்ஸ்ஃபார்மர் சப்ளையில் இந்த ஆபத்து இன்னும் கூடும், வீட்டு மின்சாரத்தின் வோல்ட் ஏறினால் சப்ளையின் வோல்ட்டும் கூடவே ஏறும்.

ஆம்பியர் விஷயம் சுலபம். மூன்று மோட்டாருக்கு மும்மூன்று ஒன்பது என்று கூட்ட வேண்டாம். மூன்றில் இரண்டு பங்கு, அதாவது 6 ஆம்பியர் போதும். 36 வோல்ட், 350 வாட் எஸ்எம்பிஎஸ் பவர் சப்ளை 9.7 ஆம்பியர் தரும். இத்தகைய மூன்று மோட்டார் உள்ள வீட்டு ரூட்டருக்கு இதுவே சரியான தேர்வு.

கரண்ட் கொடுக்கும் முன் எஸ்எம்பிஎஸ் பெட்டியில் வோல்ட் தேர்வு சுவிட்ச் இருந்தால் அது 230-இல் நிற்கிறதா என்று பாருங்கள். எர்த் கம்பியை விட்டுவிடாதீர்கள். சப்ளை ஓடும்போது மோட்டார் கம்பியை ஒருபோதும் கழற்றாதீர்கள்.