பட்டம் வேண்டும், எந்த விலைக்கு?

பிளஸ் டூ முடிவுகள் வந்த மறுநாளே தமிழ்நாட்டில் இரண்டு குரல்கள் ஓங்கிவிடுகின்றன. கடன்பட்டாவது பிள்ளையை ஒரு டிகிரி வாங்க வைத்துவிட வேண்டும் என்பது ஒன்று. டிகிரி முடித்தவர்களே பைக்கில் சோற்றுப் பொட்டலம் சுமக்கும்போது படித்து என்ன ஆகப்போகிறது என்பது இன்னொன்று. 2025-இல் ஏறத்தாழ 7.9 லட்சம் பேர் தேர்வு எழுதி 95 சதவீதம் பேர் தேர்ச்சி பெற்றார்கள். அத்தனை குடும்பங்களும் சில வாரங்களுக்குள் முடிவெடுத்தாக வேண்டும். இந்த அவசரத்தில், கல்லூரி தேவையா இல்லையா என்று பொதுவாக வாதாடுவதில் பயனில்லை. இன்றைய தமிழ்நாட்டில் ஒரு பட்டம் பெரும்பாலானோருக்குத் தேவைதான். ஆனால் அதற்கு எந்த விலையையும் கொடுக்கலாம் என்று நினைப்பதில்தான் பல குடும்பங்கள் கவிழ்கின்றன.

படிப்பு வீண் என்போர் அடிக்கடி எடுத்துக்காட்டும் ஒரு கணக்கு உண்டு. சர்வதேசத் தொழிலாளர் அமைப்பும் டெல்லியின் மனித மேம்பாட்டு நிறுவனமும் சேர்ந்து 2024-இல் வெளியிட்ட அறிக்கையின்படி, 2022-இல் இந்தியாவின் பட்டதாரி இளைஞர்களிடையே வேலையின்மை 29.1 சதவீதம், எழுதப் படிக்கத் தெரியாத இளைஞர்களிடையே வெறும் 3.4 சதவீதம். மேலோட்டமாகப் பார்த்தால், படிக்காதவனுக்கு வேலை இருக்கிறது, படித்தவனுக்கு இல்லை. ஆனால் வேலையில்லாமல் இருப்பதற்கும் ஒரு வசதி வேண்டும். அன்றாடக் கூலியில் அடுப்பெரியும் வீட்டில் யாரும் நல்ல வேலைக்காக ஓராண்டு காத்திருக்க முடியாது. கிடைத்ததைச் செய்கிறார்கள், கணக்கெடுப்பில் வேலை உள்ளவர்களாகப் பதிவாகிறார்கள். பட்டதாரி காத்திருக்கிறார், தேர்வுக்குப் படிக்கிறார், வேலை தேடுவதாகப் பதில் சொல்கிறார். ஆக, இந்த எண் காத்திருப்பை அளக்கிறது. கல்வி பயனற்றது என்பதற்கு அதில் சான்று இல்லை.

காத்திருப்பு எவ்வளவு கொடியது என்பதற்கு டி.என்.பி.எஸ்.சி. குரூப் 4 தேர்வே போதும். 2022-இல் அறிவிக்கப்பட்ட 7,301 பணியிடங்களுக்கு விண்ணப்பித்தவர்கள் சுமார் 22 லட்சம் பேர். பத்தாம் வகுப்பே குறைந்தபட்சத் தகுதியான தேர்வு அது; விண்ணப்பிப்பவர்களில் பி.இ.யும் எம்.எஸ்சி.யும் முடித்தவர்களுக்குக் குறைவில்லை. பத்தாம் வகுப்புக்குரிய வேலைக்கே பட்டதாரி வரிசையில் நின்றால் பட்டத்துக்கு என்ன மதிப்பு என்று கேட்கலாம். அந்த வரிசையில் வெறும் பத்தாம் வகுப்போடு நிற்பவரை நினைத்துப் பாருங்கள், பதில் கிடைத்துவிடும். 2021-22 ஆம் ஆண்டின் அகில இந்திய உயர்கல்விக் கணக்கெடுப்பின்படி உயர்கல்விச் சேர்க்கை விகிதம் இந்திய அளவில் 28.4, தமிழ்நாட்டில் 47. ஏறக்குறைய பாதிப் பேர் கல்லூரிக்குப் போகும் மாநிலத்தில், வேலைக்கு ஆள் எடுப்பவர் பட்டத்தைச் சல்லடையாகப் பயன்படுத்துகிறார். அந்த வேலைக்குப் பட்டம் தேவையா என்று அவர் யோசிப்பதே இல்லை. ஒரு சமூகத்துக்கு இது பெரிய விரயம்தான். ஆனால் பதினெட்டு வயதுப் பிள்ளையால் அந்தச் சல்லடையை மாற்ற முடியாது. ஊருக்கு விரயமாக இருப்பது தனி ஒருவருக்கு அவசியமாக இருக்கக்கூடும் என்பதைப் படிப்பு வீண் என்பவர்கள் பார்ப்பதில்லை.

கல்லூரிக்குப் பதில் கைத்தொழில் கற்கலாமே என்ற யோசனை கேட்க நியாயமாகவே இருக்கிறது. ஆனால் தமிழ்நாட்டில் இந்த அறிவுரைக்கு ஒரு பழைய வரலாறு உண்டு. 1953-இல் ராஜாஜி அரசு பள்ளி நேரத்தைக் குறைத்து, மீதி நேரத்தில் பிள்ளைகள் பெற்றோரின் தொழிலைக் கற்கட்டும் என்றது. குலக்கல்வித் திட்டம் என்ற பெயரோடு அது பெரும் எதிர்ப்பைச் சந்தித்தது. 1954-இல் முதல்வரான காமராஜர் அதைக் கைவிட்டார். எழுபது ஆண்டுகள் கழித்து, ஒன்றிய அரசின் கைவினைஞர்களுக்கான விஸ்வகர்மா திட்டத்தை ஏற்க மறுத்தபோது தமிழ்நாடு அரசு சொன்ன காரணங்களில் ஒன்று வயது வரம்பு. பதினெட்டு வயதில் ஒருவரைக் குடும்பத் தொழிலில் இறங்கச் சொல்வது சரியல்ல, குறைந்தபட்ச வயதை 35 ஆக்குங்கள் என்று கேட்டது. அரசியல் ஒருபுறம் இருக்கட்டும், அந்தப் பதினெட்டு என்ற எண் முக்கியமானது. பிள்ளை கல்லூரி வாசலில் நிற்கும் வயது அது. தொழிலே போதும் என்ற அறிவுரை எந்தத் தெருவிலிருந்து வருகிறது, எந்தத் தெருவுக்குப் போகிறது என்று கவனித்தால் போதும். சொல்பவர் வீட்டுப் பிள்ளை பெரும்பாலும் கல்லூரியில்தான் இருக்கும்.

காமராஜர் கல்லூரிக்குப் போனாரா, ஜி.டி. நாயுடு போனாரா என்பதும் தவறாமல் வரும் கேள்வி. பள்ளிப் படிப்பைக்கூட முடிக்காத காமராஜர் ஆட்சிக்கு வந்து செய்தது ஊர் ஊராகப் பள்ளிகளைத் திறந்தது. நாயுடு கோவையில் பாலிடெக்னிக்கும் பொறியியல் கல்லூரியும் தொடங்கியவர். பொறியியலுக்கு நான்கு ஆண்டுகள் எதற்கு, இரண்டே போதும் என்று வாதிட்டார். காலவிரயத்தைத்தான் அவர் எதிர்த்தார், கல்வியை அல்ல. பட்டம் கேட்காமல் பிளஸ் டூ, டிப்ளமோ முடித்தவர்களுக்கு உதவித்தொகை கொடுத்துப் பயிற்சி தரும் ஜோஹோ போன்ற மென்பொருள் நிறுவனத்தின் பாதை உண்மையிலேயே நல்லது. ஆனால் ஆண்டுக்கு ஏழு லட்சம் பேர் தேர்ச்சி பெறும் மாநிலத்தில் அந்தக் கதவு எத்தனை பேருக்குத் திறக்கும்? விதிவிலக்கை நம்பி ஒரு குடும்பம் திட்டம் போட முடியாது.

இனி விலைக்கு வருவோம். அரசு கலை, அறிவியல் கல்லூரியில் ஓர் ஆண்டுச் செலவு சில ஆயிரம் ரூபாயில் முடிந்துவிடும். அரசுப் பள்ளியில் படித்த மாணவிகளுக்குப் புதுமைப்பெண் திட்டமும் மாணவர்களுக்குத் தமிழ்ப்புதல்வன் திட்டமும் மாதம் 1,000 ரூபாய் தருகின்றன. பெண்களுக்கு இந்த மூன்றாண்டுகள் இன்னொன்றையும் தருகின்றன: பதினெட்டில் கல்யாணப் பேச்சைத் தள்ளிப்போட வீட்டார் ஏற்கும் ஒரு காரணம். இந்த விலைக்குக் கிடைக்கும் பி.ஏ. தமிழோ பி.எஸ்சி. கணிதமோ, குரூப் 2 தேர்வுக்கும் குடிமைப் பணித் தேர்வுக்கும் மற்றப் பட்டங்களுக்குச் சமமாகவே செல்லும். வேலை உடனே அமையாவிட்டாலும் வீடு கடனில் மூழ்காது.

நிர்வாக ஒதுக்கீட்டுப் பொறியியல் இடத்தின் கணக்கு வேறு. 2017-இல் கட்டண நிர்ணயக் குழு விதித்த வரம்பின்படியே கலந்தாய்வு இடத்துக்கு ஆண்டுக்கு 50,000 அல்லது 55,000 ரூபாய், நிர்வாக இடத்துக்கு 85,000 அல்லது 87,000. விடுதியும் பேருந்தும் தனி. ரசீதில் வராதவை இன்னும் தனி. கலந்தாய்வில் சேரும், குடும்பத்தின் முதல் பட்டதாரிக்குக் கல்விக் கட்டணச் சலுகை உண்டு. 7.5 சதவீத ஒதுக்கீட்டில் வரும் அரசுப் பள்ளி மாணவரின் கட்டணத்தை அரசே கட்டுகிறது. நிர்வாக இடத்தில் இவை எதுவும் கிடையாது. ஒரே வகுப்பறை, ஒரே பாடம், ஒரே சான்றிதழ். ஆனால் ரசீதில் உள்ள விலையே ஒன்றரை மடங்குக்கு மேல். 5 லட்சம் ரூபாய்க் கடனைப் பத்து சதவீத வட்டியில் பத்து ஆண்டுகளில் அடைப்பதானால் மாதத் தவணை சுமார் 6,600 ரூபாய். படிக்கும் காலத்தில் தவணை கட்ட வேண்டாம் என்பது ஆறுதலாகத் தோன்றும். வட்டி அப்போதும் ஓடிக்கொண்டுதான் இருக்கும். மாதம் 15,000 ரூபாய் சம்பளத்தில் தொடங்குபவர் அதில் பாதிக்கு நெருக்கமான தொகையை வங்கிக்குக் கொடுத்துவிட்டு எதைக் கொண்டு வாழ்வார்?

அந்தப் பணத்துக்கேற்ற கல்வியாவது கிடைக்கிறதா? அண்ணா பல்கலைக்கழக இணைப்புக் கல்லூரிகள் பலவற்றின் பட்டியல்களில் ஒரே ஆசிரியரின் பெயர் இடம்பெற்றிருந்தது 2024-இல் அம்பலமானது. தேர்ச்சி விழுக்காடு ஒற்றை இலக்கத்தைத் தாண்டாத கல்லூரிகளும் உண்டு. ஒரு காலத்தில் 500-ஐக் கடந்திருந்த பொறியியல் கல்லூரிகள் இன்று 400-க்குச் சற்று மேல் என்ற அளவுக்குச் சுருங்கிவிட்டன. ஊருக்குள் ‘இன்ஜினியரிங்’ என்ற சொல்லுக்கு இருக்கும் மவுசுக்காக மட்டும் இப்படியொரு கல்லூரியில் கடன் வாங்கிச் சேர்ப்பதை நியாயப்படுத்த முடியாது.

மதிப்பெண் குறைந்த பிள்ளை என்ன செய்யும் என்று கேட்பார்கள். பாலிடெக்னிக் என்ற வழியை நம் நடுத்தரக் குடும்பங்கள் காரணமில்லாமல் தாழ்வாக நினைக்கின்றன. பிளஸ் டூவில் உரிய பாடங்களைப் படித்தவர் நேரடியாக டிப்ளமோ இரண்டாம் ஆண்டில் சேரலாம். அதை முடித்தவர் விரும்பினால் பி.இ. இரண்டாம் ஆண்டில் சேரலாம், இல்லையென்றால் வேலைக்குப் போய்விடலாம். நிறுத்திக்கொள்ளவும் தொடரவும் ஒரே படிப்பில் இடமிருக்கிறது. செலவும் கைக்கு அடக்கம். தொழிற்கல்வியை நான் எதிர்க்கவில்லை. மேலே ஏற வழியில்லாத தொழிற்கல்வியைத்தான் எதிர்க்கிறேன்.

கலந்தாய்வில் விருப்பக் கல்லூரிகளின் பட்டியலைப் பதிவு செய்வதற்கு முன், அண்ணா பல்கலைக்கழகம் பருவந்தோறும் வெளியிடும் கல்லூரிவாரித் தேர்ச்சி விழுக்காட்டைப் பார்க்கச் சில நிமிடங்கள் போதும். விளம்பரத் தட்டிகளில் சிரிக்கும் முகங்களில் எத்தனை பேருக்கு உண்மையில் வேலை கிடைத்தது, எவ்வளவு சம்பளத்தில் என்பதைச் சரிபார்க்க மட்டும் பெற்றோருக்கு எளிய வழியில்லை. முடித்தவர்களின் வேலைநிலையையும் சம்பளத்தையும் தணிக்கை செய்து வெளியிடாத கல்லூரிக்கு அடுத்த ஆண்டு கலந்தாய்வில் இடம் கிடையாது என்று அரசு ஓர் ஆணை போடலாம். கடன் பத்திரத்தில் பிள்ளையோடு சேர்ந்து கையெழுத்துப் போடும் தகப்பனுக்கு அந்தத் தகவலைக் கேட்கும் உரிமை இருக்கிறது.