முக்கோணத்துக்கு நிறம் கொடுத்தது யார்?

வட்டமும் சதுரமும் முக்கோணமும் தத்தம் நிறங்களோடு எல்லா மனிதருக்கும் ஒரே பொருளை உணர்த்துகின்றன என்றும், ஆகவே வடிவியல் அரூப ஓவியம், அதாவது காணும் பொருளை வரையாது கோடு, வடிவம், நிறம் ஆகியவற்றால் மட்டுமே அமையும் ஓவியம், விளக்கம் வேண்டாத பொதுமொழி என்றும் கூறும் வாதம் சான்றுகளின் முன் நிற்காது. 1923இல் ஜெர்மனியின் பௌஹவுஸ் கலைப்பள்ளியில் ஓவியர் வாசிலி காண்டின்ஸ்கி வினாக்கொத்து ஒன்றைச் சுற்றுக்கு விட்டு, முக்கோணம் மஞ்சள், சதுரம் சிவப்பு, வட்டம் நீலம் என்னும் இணைப்பை நிறுவ முயன்றார். சைவ சித்தாந்த நூலான உண்மை விளக்கமோ ஐம்பூதங்களைக் கூறுமிடத்து, நிலத்துக்குப் பொன்னிறச் சதுரமும், நீருக்கு வெண்பிறையும், தீக்குச் சிவந்த முக்கோணமும், காற்றுக்குக் கரிய அறுகோணமும், வானுக்குப் புகைநிற வட்டமும் வகுக்கிறது. காண்டின்ஸ்கியின் சிவந்த சதுரம் இங்கே மஞ்சளாகவும், அவரது மஞ்சள் முக்கோணம் இங்கே சிவப்பாகவும் நேர் எதிராக நிற்கையில், பொதுமொழி என்பது எங்கே இருக்கிறது?

இலங்கையில் ஆதிகோணநாயகர் கோயில் அமைந்த தம்பலகாமத்தில் சைவ மரபறிந்த ஒருவருக்குச் செம்முக்கோணம் தீயாகத் தோன்றுமாயின், அது மூன்று கோணங்களின் இயல்பால் அன்று, நூலும் கிரியையும் தலைமுறைகளாகப் பிணைத்த பிணைப்பினாலேயே ஆகும். அவ்வாறே 1915இல் ஓவியர் காசிமிர் மலேவிச் தமது கருஞ்சதுர ஓவியத்தைப் பெத்ரோகிராத் கண்காட்சியில், ரஷ்ய இல்லங்களில் புனிதப் படிமம் வைக்கப்படும் மேல்மூலையில் மாட்டியபோது, அதன் பொருளில் பெரும்பகுதியை அந்த மூலையே தந்தது. மரபை நீக்கிவிட்டு வடிவத்துக்குப் பொருள் தேடுவோர் முதலில் காண்டின்ஸ்கிக்கும் உண்மை விளக்கத்துக்கும் இடையிலான இந்த முரணுக்கு விடை கூறட்டும்.