பெயரிட்டோம், பொருளுரைத்தோமா?



கடந்த ஆனித் திங்களில் என் தெருவில் ஒரு கொள்ளை நடந்தது. கதவு உடைபடவில்லை, பூட்டு நெகிழவில்லை, நாய் குரைக்கவுமில்லை. அறுபத்தெட்டு அகவை நிரம்பிய நெசவாளர் ஒருவர், தம் கைப்பேசிக்கு வந்த ஆறு இலக்கங்களை, வைப்பக அலுவலன் என்று பொய்கூறிய எவனோ ஒருவனுக்குப் படித்துச் சொன்னார். அவ்வளவே! பேத்தியின் திருமணத்திற்கென்று தறியில் கால்தேய உழைத்துச் சேர்த்த 42,000 உருபா கண்ணிமைக்கும் பொழுதில் பறிபோயிற்று.

அவர் படிப்பறியாதவர் அல்லர். நாளிதழைத் தலைப்பு முதல் இறுதி வரி வரை நாள்தோறும் படிப்பவர். ஆயின் அவ்வெண்ணோடு வந்த எச்சரிக்கை ஆங்கிலத்தில் இருந்தது. ‘இதனை எவரிடமும் சொல்லாதீர்’ என்று அவர் அறியாத மொழியில் எழுதிவிட்டு, ‘யாம் முன்னரே எச்சரித்தோம், இழப்புக்கு நீரே பொறுப்பு’ என்று அவ்வைப்பகம் கைவிரித்துவிட்டது. ஊர்நடுவே கிணற்றைத் திறந்து போட்டு, அதனருகே அயன்மொழியில் ‘விழாதே’ என்று பலகை நட்டவன், விழுந்தவனைப் பழிப்பதோ? இதன் பெயர் எச்சரிக்கையா, தப்பித்துக்கொள்ளும் சூழ்ச்சியா?

‘தமிழில் குறுஞ்செய்தி விடுத்தால் செலவு மிகும்’ என்பர் சிலர். அக்கணக்கையும் பார்த்துவிடுவோம். ஒரு குறுஞ்செய்தியின் கொள்ளளவு 1,120 நுண்ணிடங்கள். ஒவ்வோர் இடத்திலும் ஒன்று அல்லது சுழி நிற்கும். ஆங்கில எழுத்து ஒன்றுக்கு அவற்றுள் ஏழு போதும்; ஆகலின் 160 எழுத்துகள் அடங்கும். தமிழ்க்குறி ஒன்றுக்குப் பதினாறு வேண்டும். ஆகலின் 70 குறிகளே அடங்கும். ‘கி’ எனும் ஓர் எழுத்தையும் ககரம் ஒன்று, இகரக் கொக்கி ஒன்று என இரு குறிகளாகவே கணிப்பொறி எண்ணும். இவையெல்லாம் மெய்யே. ஆனால் இவ்வரியைப் பாருங்கள்:

‘பணம் எடுக்கும் எண் 482913. எவர் கேட்பினும் சொல்லாதீர்.’

இடைவெளியும் புள்ளியும் சேர்த்து எண்ணுங்கள், 54 குறிகள். எஞ்சிய 16 இடங்களில் தொகையையும் குறித்துவிடலாம். ஒரே செய்தியில் அடங்குவதை அடங்காது என்பது கணக்கறியாமை அன்று, மனமின்மை.

‘தமிழ் இவற்றுக்கெல்லாம் வளையாது’ என்று பாடும் பழம்பாட்டுக்காரரும் உளர். உலக மொழிகளின் எழுத்துகளுக்கெல்லாம் எண் வகுத்த ஒருங்குறி 1991-இல் வெளிவந்த பொழுதே அதில் தமிழுக்கு இடம் இருந்தது. அதற்கும் முன்னே செல்வோம். அமெரிக்க மருத்துவர் சாமுவேல் கிறீன் 1847-இல் யாழ்ப்பாணம் வந்தார். மானிப்பாயில் மருத்துவம் பயிற்றிய அவர், 1860-களில் பயிற்றுமொழியைத் தமிழாக்கினார். உடற்கூறும் அறுவை மருத்துவமும் தமிழ் நூல்களாயின. அந்நூல்களில் வடசொற்கள் மலிந்திருக்கலாம். ஆயினும் தமிழ் மாணவன் தமிழில் பயின்று மருத்துவனானான். குருதியோட்டத்தை விளக்க அன்றே இயன்ற மொழிக்குக் குறுஞ்செய்தியை விளக்க இன்று இயலாதா?

இனிக் குற்றத்தின் மறுபாதிக்கு வருவோம். அது நம் பாதி.

கொள்ளை நடந்த மறுநாள் அம்முதியவர் என்னிடம் வந்தார். “ஒருமுறைக் கடவுச்சொல்லை முன்பின் அறியாதவனிடம் சொல்லலாமா, ஐயா?” என்று கேட்டேன். அவர் வியப்புடன் என்னைப் பார்த்தார். “அவன் சொல் எதையும் கேட்கவில்லையே, தம்பி, எண்ணைத்தானே கேட்டான்?” என்றார்.

யான் வாயடைத்து நின்றேன். பத்தாண்டுகளாகக் கணிப்பொறிச் சொற்களைப் பட்டியலிட்டு வருபவன் யான். ‘பாசுவேர்டு’ என்பதற்கு எதிரே ‘கடவுச்சொல்’ என்று எழுதியதோடு கடன் தீர்ந்தது என்று இருந்துவிட்டேன். அது சொல்லாகவும் இருக்கலாம், எண்ணாகவும் இருக்கலாம், அதன் வேலை இன்னது என்று ஒரு வரி எழுதினேன் அல்லேன். ஆங்கிலம் அறிந்தவனுக்கு மட்டுமே விளங்கும் தமிழ்ச்சொற்பட்டியல் தமிழனுக்கு எற்றுக்கு?

நம் கூட்டங்களில் ‘கிளவுடு’ என்பதை மேகம் எனலாமா, முகில் எனலாமா என்று இரவெல்லாம் சொற்போர் புரிகின்றோம். முகில் என்பதே நம் சொல், ஐயமில்லை. ஆனால் ‘உங்கள் படங்கள் முகிலில் உள்ளன’ என்று கேட்ட பாட்டி வானத்தை அண்ணாந்து பார்ப்பாரேயன்றி வேறென்ன அறிவார்? ‘செயலி’ என்கின்றோம்; கைப்பேசியில் நாம் தொட்டுத் திறப்பதையும் அதுவே குறிக்கின்றது, பொறியின் உள்ளே கணக்கிடும் சில்லையும் அதுவே குறிக்கின்றது. படிப்பவர் எதனைக் கொள்வது? வடசொல்லையும் ஆங்கிலச் சொல்லையும் களைந்துவிட்டோம், அறியாமையைக் களைந்தோமா?

விளக்குவது அரிய செயலன்று. பாருங்கள்.

அந்த ஆறிலக்க எண், ஒரே ஒருமுறை திறந்தபின் பயனற்றுப்போகும் திறவுகோல். கைப்பேசி உங்களிடம் இருப்பதால், அவ்வெண்ணைத் திருப்பித் தருபவர் நீங்களே என்று வைப்பகம் கொள்கின்றது. அதனை இன்னொருவரிடம் சொன்ன நொடியில், வைப்பகத்தின் கண்ணுக்கு அவர் நீங்களாகிவிடுகின்றார்.

2016-இல் வந்த ‘யு.பி.ஐ.’ எனும் பணமாற்று முறையில் மறையெண் ஒன்று உண்டு. அது பணம் கொடுப்பதற்கு வேண்டும், பெறுவதற்கு வேண்டா. ‘உமக்குப் பணம் வந்துள்ளது, பெற்றுக்கொள்ள மறையெண்ணை அழுத்துக’ என்பவன் கள்வன்.

கடைதோறும் ஒட்டியுள்ள கட்டக்குறி 1994-இல் சப்பானில் மசாகிரோ கரா என்பார் வழியே உருவானது. அதில் மாயம் ஏதுமில்லை. கருப்பும் வெள்ளையுமான சிறு கட்டங்களால் எழுதிய எழுத்தே அது. கடையில் உள்ளது கடைக்காரரின் பணமுகவரி. ஒருவர் முகவரியைக் கொண்டு அவருக்குப் பணம் அனுப்பலாம், அவரிடமிருந்து எடுக்கவியலாது. ஆகலின் ‘பணம் பெற இதனைப் படம்பிடி’ என்பவனையும் நம்பற்க.

முகில் என்பது வானத்தில் இல்லை. எங்கோ ஒரு கட்டடத்தில் நிற்கும் பிறர் கணிப்பொறியே அது. உங்கள் படமும் மடலும் அங்கே உள்ளன என்றால், உங்கள் பெட்டியை அயலார் வீட்டில் வைத்துள்ளீர்கள் என்பது பொருள். எவர் வீடு, எவர் காவல், வேண்டும்பொழுது திருப்பித் தருவாரா என்று கேட்பது உங்கள் உரிமை.

இவ்விளக்கங்களை உங்கள் தெருவில் எவரிடம் வேண்டுமாயினும் படித்துக் காட்டுங்கள். விளங்காமற் போகுமா? பொருளை முதலில் உணர்த்துக. பெயரை அதன்பின் சூட்டுக. பொருள் விளங்கிய நெஞ்சில் தூய தமிழ்ப்பெயர் தானே வேர்கொள்ளும்.

ஆகலின் மூன்று பணிகளை நம் தலைமேற் கொள்வோம். வாடிக்கையாளர் அறிந்த தமிழில் எச்சரிக்கை வரவேண்டும் என்று தத்தம் வைப்பகத்துக்கு மடல் எழுதுவோம். மறுமொழி வரும்வரை எழுதுவோம். நம் சொற்பட்டியல்களில் சொல்லின்கீழ் நான்கு வரி விளக்கம் இல்லாத எதனையும் அச்சேற்றாதிருப்போம். திங்களுக்கு ஒரு முதியவரை அணுகி, அவர் கைப்பேசியையே கையில் வைத்து மேற்சொன்னவற்றை விளக்குவோம். பணம் பறிபோனால் காலந்தாழ்த்தாது 1930 எனும் எண்ணுக்குப் பேசவேண்டும் என்பதையும் அவர் சுவரில் எழுதிவைப்போம்.

அந்நெசவாளர் மீண்டும் தறியில் அமர்ந்துவிட்டார். அவர் இழந்ததை மீட்டுத்தர என்னால் இயலவில்லை. முன்னமே நான்கு வரி எழுதியிருந்தால் அவ்விழப்பு நேராதிருந்திருக்கும் என்னும் எண்ணம் என்னை உறங்கவிடவில்லை. தமிழைக் காப்போம் என்று முழங்குகின்றோம், முழங்குவோம். அத்தமிழ் தமிழனைக் காக்கவும் வேண்டும் அன்றோ?