நீக்கப்பட்ட இரண்டு பக்கங்கள்

மரியா காம்பெல் பற்றி எழுதுவோர் வழக்கமாக ஒரே தடத்தில்தான் செல்கின்றனர்: வறுமையில் பிறந்தார், வீழ்ந்தார், மீண்டார், எழுதினார், புகழ்பெற்றார். இதில் தகவற்பிழை ஏதுமில்லை. ஆனால் யார் வீழ்த்தியது என்ற கேள்வி அதில் எழுவதேயில்லை.

கனடாவின் சஸ்கச்சுவான் மாநிலத்தில் 1940இல் கிறீ மொழி பேசும் மெட்டிஸ் குடும்பமொன்றில் பிறந்தவர் அவர். 1885இல் பட்டோஷ் என்னுமிடத்தில் மெட்டிஸ் மக்களின் எழுச்சி முறியடிக்கப்பட்ட பின்னர், காணியிழந்த பலர் தெருவோர அரச நிலங்களில் குடிசை போட்டு வாழ்ந்தனர். அவர்களின் வழித்தோன்றல் இவர். பன்னிரண்டு வயதில் தாயை இழந்து, தம்பி தங்கையரைப் பராமரிக்கப் படிப்பைக் கைவிட்டார். அவர்களை அரசு பிரித்துச் சென்றுவிடக் கூடாதென்று பதினைந்து வயதில் மணம் முடித்தார். பிள்ளைகள் பறிக்கப்பட்டனர். கணவன் வன்கூவரில் கைவிட்டுச் சென்றான். போதைப்பொருளும் பாலியல் தொழிலும் அதன் பின்னர் வந்தவை.

'கலப்பினத்தவள்' என்ற வசைச்சொல்லையே தலைப்பாக்கி 1973இல் அவர் வெளியிட்ட 'ஹாஃப்பிரீட்' இன்று கனேடியப் பல்கலைக்கழகங்களில் பாடநூல். 2008இல் 'ஓர்டர் ஒஃப் கனடா' விருதும் கிடைத்தது.

பதினான்கு வயதில், தம் வீட்டிலேயே, மத்திய பொலிஸ்காரர் ஒருவரால் வல்லுறவுக்கு உள்ளானதை அவர் எழுதியிருந்தார். அப்பகுதி இருக்கவேண்டுமென வற்புறுத்தியும், பொலிசார் வழக்குத் தொடுக்கலாமென அஞ்சிய பதிப்பகம் அவருடைய சம்மதமின்றி நீக்கிவிட்டது.

முப்பது ஆண்டுகளாகப் பிறர் எழுத்தில் கத்தரி வைத்துப் பிழைத்தவன் நான். 'சட்டச் சிக்கல்' என்ற சொல்லைக் கேட்டதும், எழுதியவரிடம் ஒரு வார்த்தை சொல்லாமலே பந்திகளை நீக்கியதுண்டு. ஆகவே அந்த அச்சம் எனக்கு நன்றாகவே விளங்குகிறது. ஆனால் இங்கு வெட்டப்பட்டது மேலதிக விபரமன்று. அது இல்லாதபோது, பின்னால் வரும் சீரழிவெல்லாம் ஒரு பெண்ணின் தனிப்பட்ட தவறுகளாகவே வாசிக்கப்படும். நாற்பத்தைந்து ஆண்டுகள் அப்படித்தான் வாசித்தோம், பாராட்டினோம்.

2018இல் ஆய்வாளர் அலிக்ஸ் ஷீல்ட், மக்மாஸ்டர் பல்கலைக்கழகத்திலுள்ள பதிப்பக ஆவணங்களிடையே அப்பக்கங்களைக் கண்டெடுத்ததை வெளிப்படுத்தினார். அடுத்த ஆண்டு, அவற்றைச் சேர்த்து அதே பதிப்பகம் நூலை மறுபடியும் வெளியிட்டது. அப்போது காம்பெல்லுக்கு வயது 79.

நூலகங்களிலுள்ள பழைய பிரதிகளில் அவை இல்லை. வாசிக்க விரும்பும் நண்பர்கள் 2019ஆம் ஆண்டுப் பதிப்பையே தேடிப் பெறுங்கள்.